கரண்டு போனால் கூப்பிடுகிற மகனுக்கு

அன்புள்ள நைனா,

அடிக்கடி போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம் என்று உனக்கே தெரியும். பெட்டி அணைந்துவிட்டதா, ஒயரைச் சொருகு, கீயைத் தட்டு, ஓகே அடி, எரிகிறதா, எரிகிறது, சரி வைக்கிறேன். நடுவில் எங்காவது சாப்பிட்டாயா என்று நான் நுழைத்துவிடுவேன். நீயும் ஆங் என்பாய். பொங்கல் கழிந்ததும் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அதை அந்தப் பேச்சின் இடுக்கில் நுழைக்க என்னால் முடியவில்லை. பெட்டியைப் பற்றித்தான். பெட்டியைச் சாக்கு வைத்து நாம் இருவரும் செய்துகொண்டிருந்ததைப் பற்றி.

உன் அப்பாவை நீ நைனா என்றுதான் கூப்பிடுவாய். ஆந்திரா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற நம் ஊரில் அது ஒன்றும் புதுசில்லை. நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவர் தவறிப்போனார். அதற்கப்புறம் இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் அதை எடுத்து உன்மேல் போட்டுவிட்டேன். முதல் தரம் "வா நைனா, சாப்பிடு" என்றபோது நீ நிமிர்ந்து பார்த்தாய். தட்டை இழுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து அது உன் பெயர்.

அந்த நாட்களில் நீ திருத்தணி ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய் வந்துகொண்டிருந்தாய். "போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குட்ரா" என்று தினமும் கேட்டில் நின்று சொல்வேன். எனக்கு அப்போது வார்டில் டியூட்டி. ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் போன் பேசக்கூடாது என்பார்கள், ஆனால் கோட்டுப் பையில் ஒரு தரம் அதிர்ந்து நின்றால் யார் என்ன செய்ய முடியும். யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பேன், பையில் போன் அதிரும், போய்ச் சேர்ந்துவிட்டான் என்று மனசு அடங்கும். எடுக்கவே மாட்டேன். எடுத்தால் காசு போகும் என்று நாம் இருவரும் பயந்த காலம். பெங்களூருக்கு வேலைக்குப் போனபோதும் அதே மிஸ்டு கால்தான். ஜப்பானுக்குப் போகும்போதுதான் நீ சிரித்தாய். "இன்னாம்மா நீ, இன்னும் மிஸ்டு கால் வுட்டுகினு. நான் ஒண்ணு செஞ்சு வெச்சிட்டுப் போறேன்" என்றாய்.

அப்படி வந்ததுதான் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தப் பெட்டி. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு போர்டு, மேலே இரண்டு சின்ன பல்பு. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். நீ அங்கே ரூமுக்கு வந்து உன் போனில் ஒரு பட்டனை அமுக்கினால் இங்கே பச்சை எரியும். மஞ்சள் சும்மா இருக்கட்டும் என்றாய். அங்கே ராத்திரி ஆகும்போது இங்கே டீ நேரம். பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது பச்சை எரிந்தால், உன் டம்ளரையும் எடுத்து வைக்கலாமா என்று இன்றைக்கும் கை போகிறது. பெட்டி அணைந்தால் உன் போனில் மணி அடிக்கும் என்றும் ஒரு ஏற்பாடு செய்திருந்தாய். நீ விமானம் ஏறின மறுவாரமே நம் ஊர் கரண்டு தன் வேலையைக் காட்டியது. கரண்டு திரும்பி வந்தது, பெட்டியும் எழுந்தது, ஆனால் பல்பு எரியவில்லை. நீ கூப்பிட்டாய். "ஐயோ, கெளம்பற அவசரத்துல பெட்டிக்குள்ள ஒண்ணை சரியா மாத்தாம வுட்டுட்டேன்மா" என்றாய்.

அன்றைக்குத்தான் உன் பழைய லேப்டாப்பை எடுத்து வைக்கச் சொல்லி, ஒயரைப் பெட்டியில் சொருகச் சொல்லி, என்னை நீ உன் தொழிலுக்குள் இழுத்தாய். பெட்டிக்குள் முதலில் கண் விழிக்கிறது பூட்லோடர் என்கிற சின்னப் புரோகிராமாம். அது மூன்றிலிருந்து கீழே எண்ணும். எண்ணி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் நின்று, என்ன வேண்டும் என்று கேட்கும். விட்டால் பெரிய புரோகிராமை எழுப்பிவிட்டுப் போய்விடும். அந்தப் பெரிய புரோகிராமுக்குத் தான் எங்கே வந்திருக்கிறோம், என்னென்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாதாம். அதற்காக ஒரு மரம். டிவைஸ் ட்ரீ என்றாய். மெமரி இங்கே, கடிகாரம் இங்கே, பல்பு இங்கே என்று கிளை கிளையாக எழுதியது. அதை மெமரியில் கொண்டுவந்து வைத்துத்தான் பெரியதை எழுப்ப வேண்டுமாம். எனக்குப் புரிந்துவிட்டது. வார்டில் டியூட்டி மாறும்போது நாங்கள் செய்ததுதான். இத்தனாம் கட்டிலில் யார், யாருக்கு டிரிப்ஸ் ஏறுகிறது, யாருக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று வருகிறவளுக்குச் சொல்லிவிட்டுப் போவோம். சொல்லாமல் விட்டால் அந்தக் கட்டிலில் ஆள் படுத்திருந்தாலும் புதிதாக வந்தவள் கண்ணுக்குத் தெரியமாட்டார். என் பச்சை பல்புக்கு அந்த மரத்தில் டிஸேபிள்டு என்று எழுதியிருந்தது. பல்பு இருந்தும் இல்லை. அதை ஓகே என்று மாற்ற வேண்டும்.

"ஓகே அடிம்மா" என்றாய்.

"ஓகேப்பா" என்றேன்.

"அடிச்சிட்டியா?"

"ஆங், அதான் ஓகேன்னேனே."

"வாயால சொல்றதில்லம்மா. டைப் அடி. ஓ, கே, ஏ, ஒய்."

"ஒய்யி எதுக்குப்பா? ஓ கே போதாதா?"

நீ அங்கே சிரித்த சிரிப்பில் யாரோ என்ன என்று கேட்டார்கள், நீ அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாய். உன் வாயில் அந்தப் பாஷையை நான் கேட்டது அதுதான் முதல் தரம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பல்பு எரிந்தது. எரிந்ததும் நீ வைத்துவிட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது, எரியாமல் இருந்தவரைக்கும் நீ போனில் இருந்தாய்.

இந்த மாற்றமெல்லாம் மெமரியில்தான் இருக்கும், கரண்டு போனால் போய்விடும், திரும்ப அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். வாட்ஸ்அப்பில் வரிகளை அனுப்பியும் வைத்தாய். ஆனாலும் பெட்டி அணையும்போதெல்லாம் கூப்பிட்டாய். நானும் ஒவ்வொரு தரமும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவள் மாதிரியே கேட்டுக்கொண்டேன். முதலில் மரம் இருக்கிற இடத்தைச் சொல்லணும், அப்புறம் பிரிண்ட் போட்டுப் பார்க்கணும், அப்புறம் செட். எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகி வருஷமாகிறது, நைனா. "இப்போ இன்னா அடிக்கணும்?" என்று நான் கேட்டதெல்லாம் நடிப்பு. இதை ஒரேயடியாகச் சரிசெய்ய முடியாதா என்று மட்டும் கேட்டதில்லை. முடியும் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, ஒருத்திக்கு மட்டும் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்த மத்தியானம் லேசில் நகராது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் சுவிட்சை நானே அணைத்திருக்கிறேன். நீ ஒரு தரம் கேட்டாய். "இன்னாம்மா உங்க ஊர்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனாக்கா கரெக்டா கரண்டு போவுது?" நான் கொஞ்சமும் கூசாமல், "ஆங், லைன்ல வேலை பாத்துகினு கீறாங்க போல" என்றேன்.

போன ஆடிக் கிருத்திகையை நீ மறந்திருக்கமாட்டாய். நம் தெரு முழுக்கக் காவடி. நான் வழக்கம்போல வாசலில் மோர்ப் பானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் துணி கட்டிக்கொண்டு பள்ளிப்பட்டிலிருந்தும் நகரியிலிருந்தும் நடந்து வந்தவர்கள் குடித்துவிட்டு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கரண்டு போய்விட்டது. அத்தனை கூட்டத்தில் போனில் சிக்னல் கோடே வரவில்லை. நீ அங்கே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். கரண்டு வந்ததும் பதறிப்போய் நானாகவே லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு வரியைத் தப்பாக அடித்துவிட்டேன். அந்தத் தப்பை மட்டும் எடுக்கலாம் என்று அழிக்கிற வரியைப் போட்டேன். பல்புகளுக்கெல்லாம் தாயாக மேலே ஒரு கிளை இருக்கிறதல்லவா, அதன் பெயரோடு நிறுத்திவிட்டு என்டரைத் தட்டிவிட்டேன். பிரிண்ட் போட்டால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது. தாயை எடுத்தால் பிள்ளைகளும் சேர்ந்து போய்விடும் என்று நீ சொல்லியிருந்தாய். பெட்டியையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்து, வாசலில் மோருக்கு ஆள் நிற்க நிற்க உள்ளே உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகுதான் உன் போன் வந்தது. "நீ நல்லாத்தானே கீற? அது போனா போவுது வுடும்மா" என்றாய். அப்புறம், "மெமரியில இருந்துதாம்மா போச்சு. பெட்டிக்குள்ள கீற கார்டுல எழுதனது அப்படியே கீது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, எல்லாம் திரும்பி வரும்" என்றாய். வந்தது. தாய்க்கிளை, இரண்டு பிள்ளைக்கிளை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் விஷயத்தில் எனக்கு நேர்மாறாக நடந்தது. எழுதியிருந்தது போய்விட்டது, மெமரியில் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் அந்த நினைப்பை அணைத்துவிட எனக்குப் பயமாக இருக்கிறது.

அவரைப் பற்றி இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்குக் கல்யாணம் என்பதால் சொல்கிறேன். நானும் அவரும் நன்றாகத்தான் வாழ்ந்தோம். ஆனால் எங்களுக்குள் பேச்சு என்றால் ஏதாவது ஒன்று கெட்டுப்போக வேண்டும். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வருவார், நான் டியூட்டிக்குக் கிளம்புவேன், வாசலில் இந்த மாதிரி இரண்டு வார்த்தை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு நாள் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கி ஒண்ணும் ரிப்பேர் இல்லியா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் என்ன கேட்டார் என்பது அவர் போய் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நின்றிருக்கலாம். பக்கத்தில் நின்று சும்மா எதையாவது பேசியிருக்கலாம். அதே பழக்கத்தைத்தான் நான் உன்னோடும் தொடர்ந்துகொண்டிருந்தேன். அதை நீ அனுஷாவிடம் கொண்டுபோகக்கூடாது.

இப்போது அனுஷா விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயம் ஆனதிலிருந்து அவள் பெங்களூரிலிருந்து எனக்குப் போன் செய்கிறாள் என்று உனக்குத் தெரியும். நகரிப் பெண்ணாக இருந்தாலும் தமிழ் நன்றாகப் பேசுகிறாள், வேகம் எடுத்தால் மட்டும் தெலுங்கு கலந்துவிடுகிறது. அவளும் உன்னை மாதிரியே போர்டு வேலை செய்கிறவள் என்பதால் எனக்கு ஒரு ஆசை வந்தது. மஞ்சள் பல்பு சும்மாதானே இருக்கிறது, அதை அவளுக்குக் கொடுக்கலாம் என்று. உனக்குச் சொல்லாமல் செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன். மஞ்சளுக்கு ஒரு கிளை இருந்தது, ஆனால் அதில் பெயர் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் பெயரில் புதிதாக ஒரு கிளை வைக்கலாம் என்று, நீ சொல்லிக்கொடுத்ததை வைத்து நானே அடித்தேன். நோ ஸ்பேஸ் என்று வந்தது. திரும்ப அடித்தேன். திரும்பவும் நோ ஸ்பேஸ். உண்மையைச் சொல்லவா, ஒரு நிமிஷம் எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம். பார்த்தாயா, இடம் இல்லை என்று பெட்டியே சொல்கிறது. அப்புறம் வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்கே போன் போட்டேன்.

"அது ஒண்ணும் தப்பில்லீங்க அத்தம்மா" என்றாள். "மரம் வரும்போது தனக்கு வேணுங்கற இடத்தை மட்டும் புடிச்சிகினு வரும். புதுசா ஒரு கிளை வெக்கறதுன்னா முதல்ல இடத்தைப் பெருசு பண்ணணும். ரீசைஸ்னு அடிங்க. அப்புறம் சேருங்க."

அடித்தேன். மரம் அப்படியே இருந்தது, சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் கூடியது. பழையதில் ஒன்றையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பெயரில் கிளை வந்து உட்கார்ந்தது. பல்பு எந்தக் கம்பியில் இருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், ஓகே அடித்தேன், மஞ்சள் பல்பு எரிந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. நிச்சயதார்த்தத்தன்று நீ அவள் பக்கத்தில் நின்ற போட்டோவைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது உனக்குத் தெரியாது. பிள்ளையை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு வந்த என்னிடம் இன்னொருத்திக்கு இடம் எங்கே இருக்கிறது என்றுதான் தோன்றியது. நீ குறைந்துபோய்விடுவாய் என்று நினைத்தேன். இடத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் அவள் கேட்டாள். "இதை ஒவ்வொரு வாட்டியும் நீங்களே அடிக்கறீங்களா அத்தம்மா? ஒண்ணாக் கோத்து சேவ் பண்ணிட்டா, கரண்டு வந்ததும் பெட்டியே பண்ணிக்குமே. ரெண்டு வரி வேலைதாங்க. அவர் சொல்லலீங்களா?"

இரண்டு வரி. மூன்று வருஷமாக மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து, ரயில் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, ஒரு தரம் காய்ச்சலில் படுத்துக்கொண்டு, எனக்கு ஓகே அடிக்கச் சொல்லிக்கொடுத்தாய். உன் தொழிலே அது. அந்த இரண்டு வரி உனக்குத் தெரியாமல் இருக்குமா. கிளம்பும் அவசரத்தில் விட்டுவிட்டேன் என்றாயே, எதையும் விட்டுவிடுகிற பிள்ளையா நீ. ஞாயிற்றுக்கிழமை கரண்டைப் பற்றி நீ கேட்ட தொனியும் அப்போது ஞாபகம் வந்தது. நான் நடித்தது உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ நடித்தது எனக்குத்தான் தெரியவில்லை. அனுஷா போனில் காத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னான்மா. நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அந்த இரண்டு வரியை அவள் அனுப்பி வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நான்கைந்து நாள் சும்மா இருந்தேன். இதைப் போட்டுவிட்டால் நீ கூப்பிட ஒரு காரணமும் இருக்காது. கல்யாணம் ஆகி அவளையும் அழைத்துக்கொண்டு நீ போய்விட்ட பிறகு, பச்சையும் மஞ்சளும் தானாக எரியும், தானாக அணையும், நான் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். போடாமல் விட்டாலோ, அவள் பக்கத்தில் இருக்கும்போது நீ என்ன செய்வாய்? சரிசெய்யத் தெரிந்தும் தெரியாதவன் மாதிரி எழுந்து பால்கனிக்குப் போய் என்னோடு பேச வேண்டும். கல்யாணமான புதிதில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிற முதல் விஷயம் அம்மாவாக இருக்க வேண்டாம்.

இன்று மத்தியானம் போட்டுவிட்டேன். வரிகளையெல்லாம் கோத்து, பச்சை, மஞ்சள் இரண்டுக்கும் ஓகே வைத்து, கடைசியில் சேவ். பிறகு சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலிருந்து கீழே எண்ணியது. நான் எந்தக் கீயையும் தொடவில்லை. அது பாட்டுக்கு எழுந்து, இரண்டு பல்பும் ஒரு தரம் எரிந்து அணைந்தன. உன் போனில் மணி அடித்திருக்கும். நீ எடுத்துப் பார்ப்பதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் எழுந்துபோய்ப் பேப்பர் எடுத்து வந்தேன்.

இதைப் படித்து முடித்ததும் அனுஷாவிடம் நீயே சொல்லிவிடு. சிரிப்பாள், நல்ல பெண். லேப்டாப்பை நான் துணி சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன். நம் ஊரில் கரண்டு போகும், வரும், அதைப் பற்றி நீ கவலைப்படவேண்டியதில்லை. ஆனாலும் என்றைக்காவது, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நாளில், எனக்குப் போன் செய். நான் பழக்கதோஷத்தில், "இன்னா நைனா, இன்னா ஆச்சி?" என்றுதான் கேட்பேன்.

"ஒண்ணும் ஆவலம்மா, சும்மாதான்" என்று சொல்.

உன் அம்மா